ஊரார் பிள்ளை

விழா மலர்கள் பழம்பெருமை பேசுதல் இயல்பு. கட்டிய மண்டபங்களையும் பெற்ற கேடயங்களையும் நாமும் எண்ணி மகிழ்கின்றோம். எனினும், விழாக்காலம் கணக்குப் பார்க்குங் காலமுமாகும். நமக்கு வரவேண்டியதை எண்ணுமுன், நாம் பிறர்க்குக் கொடுக்கவேண்டியதை எண்ணுதல் அறிவுடையோர் கடன். கல்வித்துறையில் மட்டக்களப்பு வாவியின் இருகரை மக்களும் ஒருவர்க்கொருவர் பட்டுள்ள கடன் சிறிதன்று.

1814ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் இங்கு வந்து பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே இம்மண்ணில் மறைந்தார். 1873இல் கத்தோலிக்கரின் அர்ச். மிக்கேல் கல்லூரி தோன்றியது. இப்பள்ளிகள் கல்வியோடு தம் சமயத்தையும் ஊட்ட முயன்றன என்பது உண்மை. அம்முயற்சிக்கு அணையிடவே சைவப் பள்ளிகள் எழுந்தன என்பதும் உண்மை. இதனை மறைத்துப் பேசுதல் நட்பாகாது. ஆயின், அப்பள்ளிகளில் நம்மவர் பெற்ற அறிவுச்செல்வத்தை மறைத்துப் பேசுதலும் நன்றியாகாது.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்னும் சிறுவன் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் பயின்றான், பின்னர் அர்ச். மிக்கேல் கல்லூரியிற் கற்றுத் தேறினான். வளர்ந்தபின் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவரும் அவரே. 1924இல் துறவு பூண்டு விபுலாநந்த அடிகளாக அவர் மலர்ந்தபோது, கிறித்தவப் பள்ளிகளில் கற்ற கல்வி அவருடைய சைவத்தை ஒரு சிறிதும் குறைத்திருக்கவில்லை. 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் தந்து கற்பிக்கும் பணியை இராமகிருஷ்ண மிஷன் இம்மாவட்டத்தில் ஏற்றுக்கொண்டது.

இதற்கு நேர்மறுபுறத்தில் மற்றொரு வரலாறு உண்டு. 1911இல் யாழ்ப்பாணத்துப் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிமும் அவரே. 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றினார். அங்கே அடிகளாரோடு நெருங்கிப் பழகினார். வறுமையால் முஸ்லிம் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோதலைக் கண்டு, அவ்வூரிற் கல்விக் கழகமொன்றை அமைத்தார். அவ்விதையே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாகத் தழைத்தது. இந்துக் கல்லூரி அவரைத் தம் சமயத்தினின்றும் பிரிக்கவில்லை. தம் சமூகத்துக்குத் தொண்டாற்றும் ஆற்றலையே தந்தது.

இவ்விருவர் வாழ்விலிருந்து நாம் பெறும் முடிபு ஒன்றே. பிள்ளையை அதன் தாய் தந்தையரின் சமயத்தில் நிறுத்திக்கொண்டே செய்யும் உதவியே சிறந்த உதவி. அந்நம்பிக்கை உளதாயிற் கூட்டுறவு வளரும்; இலதாயின், கொடுக்கும் கையையும் ஐயுறுவர்.

இந்நம்பிக்கைக்கு 1990ஆம் ஆண்டு நேர்ந்த கேட்டினை நாம் அறிவோம். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் செல்ல அஞ்சினர். அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், அமெரிக்க இயேசு சபைத் துறவியான யூஜின் ஹெபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். அவரும் உடன்வந்த இளைஞனும் வழியிற் காணாமற்போயினர், மீளவேயில்லை. அத்தகைய இருளிலும் விளக்கேற்றியோர் இருந்தனர். 1996இல் போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை அமைத்தனர். போரினால் மனம் புண்பட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கு ஒருங்கு கூடி வரைந்தனர், பாடினர், நாடகமாடினர். பெரியோர் அஞ்சிய இடத்திற் சிறுவர் ஒன்றாய் விளையாடினர்.

இன்று நிலை யாது? 1945 முதற் கல்வி இலவசமாயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் மிஷன் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. ஆதலின், ஏழைப்பிள்ளையின் பொறுப்பு முழுவதும் அரசினுடையதே எனப் பலர் கருதுகின்றனர். பள்ளிக்குக் கட்டணமில்லை, ஆயின், பஸ்வண்டிக்கும் அப்பியாசக் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் காசு வேண்டும். படுவான்கரைக் கமக்காரன் மகனுக்கும், எழுவான்கரை மீனவன் மகளுக்கும், தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யப் பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கும் இத்துன்பம் ஒன்றே. பசிக்குச் சமயமில்லை.

“தனக்கு மிஞ்சியதே தானம், நம் பிள்ளைகளே வாடும்போது பிறரை நினைப்பதெங்ஙனம்?” என வினவுவோர் உளர். வினா நேரியதே. ஆயினும், நமக்கு மிஞ்சும்வரை பிறர் காத்திருந்தாரேல் மயில்வாகனத்துக்குப் பள்ளி ஏது? அஸீசுக்குக் கல்லூரி ஏது?

ஆகவே, நம் பழைய மாணவர் சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். இவ்விழாவின் நினைவாகக் கல்வியுதவி நிதியொன்று நிறுவப்படுக. அதன் விண்ணப்பத்தில் வறுமை வினாவப்படுக, சமயம் வினாவப்படாதிருக்க. தெரிவுக்குழுவில் அயலிலுள்ள கிறித்தவ, முஸ்லிம் ஆசிரியர்களும் அமர்க. உதவி பெறும் பிள்ளை எச்சமயத்ததாயினும் அதன் சமயபாடத்துக்கும் நோன்புக்கும் பண்டிகைக்கும் இடையூறு நேராதிருக்க. பெறுவோர் பெயர் மேடையில் வாசிக்கப்படாதிருக்க; ஏனெனில், தன் வறுமை ஊரறிய ஒலிப்பதைக் கேட்கும் பிள்ளை தலைநிமிர்ந்து கற்பதரிது.

மாணவத் தம்பிகளே, நீங்களும் இதில் வாளாவிருத்தல் தகாது. நீங்கள் படித்து முடித்த நூல்களைச் சேர்த்து வாவிக்கு அப்பாலுள்ள பள்ளிகளுக்கு அனுப்புதல் உங்களால் இயலும்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் முன்னோர் வாக்கு. நம்மையும் ஒருகால் ஊரார் ஊட்டினர். அக்கடனை அவர்தம் பிள்ளைகளுக்கு இறுப்பதே இவ்விழாவுக்கு ஏற்ற சிறப்பாகும்.