பூட்டனாரைத் தேடுவோருக்கு

தம் பூட்டனாரின் வரலாற்றை எங்கே தேடுவதென மாணவர் சிலர் வினவுகின்றனர். இலங்கையின் முதலாவது குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டு மதிப்புக்குப் பொன்னம்பலம் அருணாசலம் எழுதிய அறிக்கை இன்றும் படிக்கத்தக்கது. ஆயினும் இவ்வறிக்கைகளில் தொகையுண்டு, பூட்டனார் பெயரில்லை.

பெயர் வேண்டுவோர் வீட்டுப் பெட்டகத்தைத் திறத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் காணியுறுதியொன்றை எடுத்துப் பாருங்கள். காணியின் பெயர், பரப்பு, பின்னர் நாற்றிசை எல்லைகள். எல்லைதோறும் அயற்காணிக்காரர் பெயர். நம் உறுதி தொலைந்துபோயினும், பூட்டனார் அயலவர் உறுதியிலே மேற்கெல்லையாய் நிற்கக்கூடும்! சீதனவுறுதி இன்னும் சிறந்தது. தேசவழமைப்படி தாயின் சீதனம் பெரும்பாலும் மகளுக்கே சென்றமையால், வேறெங்கும் எழுதப்படாத பாட்டிமாரின் பெயர்கள் அதிலே கிடைக்கும்.

ஒன்று கவனிக்க. நம்மவர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே முன்னிற்கும். பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கமும் உண்டு. வேலுப்பிள்ளையின் மகன் கந்தையா. கந்தையாவின் மகன் மீண்டும் வேலுப்பிள்ளை. எந்த வேலுப்பிள்ளை என்பதை உறுதி முடித்த ஆண்டைக் கொண்டே துணிதல் வேண்டும்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே பெட்டகத்தையே இழந்த வீடுகள் பல. அவ்வீட்டார் அயலவரிடம் இவ்வாரமே செல்வாராக, கறையான் காத்திராது.