சுகர் இல்லை, பிரஷர் இல்லை... பிறகு கிட்னி ஏன் பழுதாகிறது?

"எனக்கு சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. கிட்னி டெஸ்ட் எதுக்கு?" மும்பையில் இருக்கும் நீங்களும் இப்படி நினைப்பவரா? ஊரிலிருந்து வந்த ஒரு தகவலைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 3,350 விவசாயத் தொழிலாளர்களிடம் சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2025-ல் வெளியானது. 100-ல் சுமார் 5 பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். அவர்களில் பாதிப் பேருக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணங்கள் எதுவும் இல்லை. வெயிலில் உழைப்பதன் மீதுதான் சந்தேகம் விழுகிறது.

வெயிலுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்?

சிறுநீரகங்கள் தினமும் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவது ஒன்றிரண்டு லிட்டர்தான். மீதியை நுண்குழாய்ச் செல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அதற்கு நிறைய ஆற்றல் தேவை. அதைத் தயாரிப்பவை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள். உடலில் நீர் வற்றினால் ரத்த ஓட்டம் குறையும், ஆக்சிஜன் போதாது, மைட்டோகாண்ட்ரியாக்கள் பழுதாகும்.

வீக்கம் எப்படி வருகிறது?

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ உண்டு. பழுதானதும் அது கசியும். கிருமி புகுந்துவிட்டது என்று நினைத்து நோய் எதிர்ப்பு அமைப்பு கிளம்பிவிடும். அந்த அழற்சி, மிச்சமிருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் தாக்கும். இப்படியே சுற்றிச் சுற்றி நடந்தால் திசு தழும்பாகிவிடும். தழும்பான பகுதி பழையபடி வேலை செய்யாது. சர்க்கரை நோயிலும் கிட்னிக்குள் இதே சுழற்சி நடக்கிறது.

மும்பையில் யார் கவனிக்கணும்?

தாராவியில் தகரக் கூரைக்குக் கீழே பட்டறையிலோ, இட்லி அடுப்புக்குப் பக்கத்திலோ நாள் முழுக்க நிற்பவர்கள். அது வயல் இல்லைதான், ஆனால் வேர்வை அதேதான். சாயங்காலம் உடம்பு வலிக்குதுன்னு போடும் டைக்ளோஃபெனாக், கிட்னிக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும்.

மருந்து உண்டா?

எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை நுண்குழாய்ச் செல்களின் வேலைப்பளுவைக் குறைக்கிறது. சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகளிலும் பலருக்குப் பலன் தருகிறது. 2025 மார்ச்சில் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததும் விலை பல மடங்கு இறங்கியது. ஆனால் டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள்.

இப்போது என்ன செய்யலாம்?

ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், இரண்டையும் பாருங்கள். கிட்னி பாதி வேலையை இழக்கும் வரைகூட கிரியேட்டினின் நார்மலாகவே தெரியலாம். உங்களுக்கு மட்டும் இல்லை, மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஏசி ஆபீஸில் நீங்கள் உட்கார்வதற்காகப் பட்டறையில் நின்ற அப்பாவுக்கும் சேர்த்துப் பாருங்கள்.