ஆங்கிலம் யாருடைய மொழி?

"ஆங்கிலம் உலக மொழி" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அது எப்படி உலக மொழி ஆனது, இனி யார் கையில் இருக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை.

முதலில் கொஞ்சம் வரலாறு. நியூட்டன் ஆங்கிலேயர்தான். ஆனால் 1687-இல் வெளிவந்த அவருடைய 'பிரின்சிபியா' லத்தீனில் எழுதப்பட்டது. ஐரோப்பிய அறிஞர்கள் படிக்க வேண்டுமானால் அன்றைக்கு லத்தீன்தான். பிறகு நாடுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தைக்கு பிரெஞ்சு வந்தது. 1919-இல் வெர்சாய் ஒப்பந்தம் எழுதப்பட்டபோது பிரெஞ்சுக்குச் சமமாக ஆங்கிலமும் உட்கார்ந்துவிட்டது. இலக்கணம் எளிது, அழகான மொழி என்பதாலா? இல்லை. முதலில் பிரிட்டனின் காலனிகள், பிறகு அமெரிக்காவின் பணமும் தொழில்நுட்பமும். அவ்வளவுதான்!

இன்றும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ருவாண்டாவைப் பாருங்கள். பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்ததால் அங்கே பிரெஞ்சு வேரூன்றியிருந்தது. 1994 இனப்படுகொலைக்குப் பின் ஆட்சிக்கு வந்தவர்களில் பலர் உகாண்டாவில் அகதிகளாக வளர்ந்து ஆங்கிலம் கற்றவர்கள். 2008-இல் பயிற்று மொழியை ஆங்கிலமாக மாற்ற முடிவெடுத்தார்கள். 2009-இல் காமன்வெல்த்திலும் சேர்ந்தார்கள். ஆனால் பிரெஞ்சில் படித்த ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? தனக்கே சரியாக வராத மொழியில் கணக்கும் அறிவியலும் நடத்த வேண்டிய நிலை. சில ஆண்டுகளில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தாய்மொழியான கின்யருவாண்டாவுக்குத் திரும்பினார்கள். 2019-இல் மறுபடியும் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்றார்கள். பெரியவர்களின் இந்தக் கணக்குக்கு விலை கொடுத்தது குழந்தைகள்.

அல்ஜீரியா 2022-இல் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது. சீனாவின் ஷாங்காய் நகரமோ 2021-இல் தொடக்கப் பள்ளிகளின் ஆங்கில இறுதித் தேர்வையே நீக்கியது. ஓரிடத்தில் ஏற்றம், ஓரிடத்தில் இறக்கம்.

இன்னொரு விஷயம். உலகில் ஆங்கிலம் பேசுபவர்கள் சுமார் 150 கோடி பேர் என்கிறார்கள். அதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 40 கோடிக்கும் குறைவு. அதாவது நாலில் மூன்று பேர் நம்மைப் போலக் கற்றுக்கொண்டவர்கள்! 2020-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் அங்கே ஆங்கிலம் அலுவல் மொழியாகத் தொடர்கிறது. சிங்கப்பூர் அரசு 2000-இல் 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' என்று இயக்கமே தொடங்கியது. ஆனாலும் மக்கள் தங்கள் 'சிங்கிலிஷை' விடவில்லை. இனி ஆங்கிலத்துக்கு லண்டன் மட்டுமே சொந்தக்காரர் இல்லை.

அப்படியிருக்க, நம் வகுப்பறைகளில் ஒருவன் உச்சரிப்பு தவறினால் ஏன் சிரிக்கிறோம்? தமிழ்வழியில் படித்து வந்தவன், பதில் தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இல்லாதது அறிவு இல்லை, பழக்கம்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கும் மேல்படிப்புக்கும் அது வேண்டும், நன்றாகவே கற்போம். ஆனால் அதை வைத்து ஒருவனின் புத்தியை அளக்க வேண்டாம். பாடம் புரிகிற மொழியில் நடக்கட்டும், ஆங்கிலத்தை ஒரு மொழியாக ஒழுங்காகச் சொல்லித் தரட்டும். இரண்டையும் குழப்புவதில்தான் பிரச்சனையே இருக்கிறது என்பது என் கருத்து.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?