அட்டை யாருடையதோ, விண்ணப்பமும் அவருடையதே

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவனின் வீட்டு வாசலுக்கு மனுக்கள் வந்து சேர்வது புதினமன்று. மாத்தளையில் என் வீட்டுத் திண்ணையில் அரச காரியாலயக் கடிதங்களோடு வந்தமர்ந்தவர்கள் பலர். 2024ஆம் ஆண்டின் இறுதியில் இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். கொண்டுவந்திருந்தது ஒரேயொரு காகிதம். பிரித்தானிய மாணவர் விசா மறுக்கப்பட்டதாக அறிவிக்கும் மின்னஞ்சலின் அச்சுப்பிரதி அது.

விசா மறுக்கப்பட்டதைப் பற்றி முறையிட அவர்கள் வரவில்லை. "ஐயா, லண்டனுக்குக் கட்டின காசில கொஞ்சம் திரும்பி வருமாமே, அது எங்க வரும்?" என்று அந்தத் தாய் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பிரித்தானியாவில் ஓராண்டு முதுகலைக் கல்விக்குச் செல்லும் வெளிநாட்டு மாணவர், அவ்வேளையில் விசாக் கட்டணமாக 490 பவுண் செலுத்தவேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் அது 524 பவுணாக உயர்ந்தது. இதற்கு மேலாகக் குடிவரவுச் சுகாதார மேலதிகக் கட்டணம் என ஒன்றுண்டு. 2024 பெப்ரவரி தொடக்கம் மாணவருக்கு அது ஆண்டொன்றுக்கு 776 பவுண். படிப்பு ஓராண்டேயெனினும், முன்னும் பின்னும் சேர்த்து விசாக் காலம் நீளுவதால் ஒன்றரை ஆண்டுக்கு 1,164 பவுண் கணக்கிடப்படுகிறது. பவுணை 400 ரூபா என வைத்துக்கொண்டால் 465,600 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதாவது, ஏறத்தாழ 345 நாட்கள் கொழுந்து பறித்த கூலி.

விசா மறுக்கப்பட்டால் விசாக் கட்டணம் திரும்பாது. சுகாதாரக் கட்டணம் முழுமையாகத் திரும்பும். விண்ணப்பிக்கவும் தேவையில்லை, தானாகவே திரும்பும். நல்ல விதிதான். ஆனால் எங்கே திரும்பும்? எந்த அட்டையிலிருந்து செலுத்தப்பட்டதோ அந்த அட்டைக்கே திரும்பும். அந்த இளைஞனிடம் கடனட்டை கிடையாது. வீட்டில் எவரிடமும் கிடையாது. தந்தை ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதியையும், தாயின் நகைகளை அடகுவைத்துப் பெற்ற பணத்தையும் முகவரின் மேசையில் ரொக்கமாக எண்ணி வைத்தார்கள். முகவர் தம்முடைய அட்டையால் செலுத்தினார். விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரியும் அவருடையதே. கடவுச்சொல்லும் அவரிடமே.

எனவே, இலண்டனின் ஏட்டில் பணம் செலுத்தியவர் முகவர். அடகுக் கடைச் சீட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்த தாய் அந்த ஏட்டில் எங்குமே இல்லை.

நான் அவர்களுடன் அந்த முகவரைப் பார்க்கச் சென்றேன். மரியாதையாகவே பேசினார். "இன்னும் வரவில்லை ஐயா" என்றார். இரண்டாம் முறை, "வங்கியில் சுணக்கம்" என்றார். மூன்றாம் முறை, சேவைக் கட்டணம் எனக் கூறி ஒரு இலட்சம் ரூபாவைக் கழித்துக்கொண்டு மிகுதியைக் கொடுத்தார். அதையும் ஓர் உபகாரம் போலவே கொடுத்தார். அந்தத் தாய் கைகூப்பி வாங்கிக்கொண்டார். எனக்கோ தொண்டை அடைத்தது. தன் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு ஒருவர் நன்றி சொல்லவேண்டியிருக்கிறதே!

அந்த முகவரைத் திட்டி இக்கட்டுரையை முடித்துவிடலாம். அது எளிது. ஆனால் அவரை அந்த இடத்தில் அமர்த்தியது எது? கட்டணம் எவ்வளவு என்று சொல்லும் அரசுகள், அதை எவ்வாறு செலுத்தலாம் என்பதை ஒரு சிறிய விவரமாகவே கருதுகின்றன. உண்மையில் முதலாவது கதவே அதுதான். தகுதியும் ஆவணங்களும் பரிசீலிக்கப்படுவதற்கு முன்னரே, அட்டை வைத்திருப்பவர், அட்டை இல்லாதவர் என மனிதர்கள் பிரிக்கப்பட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். உறவினர் அழைப்பின் பேரில் அங்கு குடியேற விண்ணப்பிப்பவருக்கு 325 டொலரும், ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டொலரும் கட்டணம். அவற்றை இணையத்தில் செலுத்துவதற்கு அமெரிக்க வங்கியொன்றின் கணக்கிலக்கம் வேண்டும். இன்னும் அந்நாட்டில் கால் பதிக்காதவரிடம் அந்நாட்டு வங்கிக் கணக்கு எப்படி இருக்கும்? அழைப்பவர் செலுத்தட்டும் என்பது அவர்களது எண்ணம். அண்ணன் நல்லவராக இருந்தால் சரி. அண்ணிக்கு மனமில்லாவிட்டால்? கனடா சற்று இலகு. அங்கு விருந்தினர் விசாவுக்கு 100 டொலர், கைரேகைக்கு 85 டொலர். உலகின் எந்த மூலையிலிருந்தும் எவருடைய அட்டையாலும் செலுத்தலாம். ரொறன்ரோவில் மகளோ மருமகனோ இருப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை. அங்கே எவருமற்ற லயத்து வீட்டுக்காரருக்கு மீண்டும் முகவரே கதி.

நம் நாட்டிலும் அட்டை பெறுவது எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. மாதச் சம்பளச் சான்றிதழ் உள்ளவருக்குக் கடனட்டை வீடு தேடி வரும். நாட்சம்பளக்காரருக்கு வராது. 2022இல் ரூபா சரிந்து அந்நியச் செலாவணி வற்றியபோது, அட்டை வைத்திருந்தவர்களே வெளிநாட்டுக் கட்டணங்களைச் செலுத்த முடியாமல் அலைந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

பிறர் கையில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது மலையக மக்களுக்குப் புதிய அனுபவமன்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ், 1951 ஓகஸ்டில் முடிவடைந்த காலக்கெடுவுக்குள் ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றுள் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் அதிகம். இறுதியில் பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேர் மாத்திரமே. நிராகரிப்புக்குக் காரணங்கள் பல. ஆனால் தமது விண்ணப்பத்தில் என்ன எழுதப்பட்டது என்றே அறியாமல், எழுதிக் கொடுத்தவரை நம்பிக் கைநாட்டு வைத்த முதியவர்களின் கதைகளை நான் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவன். அன்று எழுத்து பிறர் கையில் இருந்தது. இன்று பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ஆனால் அட்டை பிறர் கையில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றவர்களின் பிள்ளைகள் நீலகிரியில் பலர் வாழ்கிறார்கள். அவர்களுள் ஒருவர், மாத்தளையில் பிறந்த தம் தந்தையின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு எனக்குக் கோத்தகிரியிலிருந்து எழுதினார். நான் பதிவாளர் கருமபீடத்தில் நின்று ஒரு தேநீர்ச் செலவுக்கும் கொஞ்சம் கூடுதலான தொகையைக் கட்டிப் பெற்று அனுப்பினேன். அந்தச் சிறு தொகையை அனுப்ப அவருக்கு வழி தெரியவில்லை. எனக்கு அது பொருட்டன்று. ஆனால் மாத்தளையில் அறிந்தவர் எவருமில்லாதவர் என்ன செய்வார்? ஆகவே குறை வெள்ளைக்காரர் பக்கம் மட்டுமன்று.

வங்கிக் கணக்கில்லாத மனிதன் எல்லை கடந்து சிறு தொகை செலுத்துவது தீர்க்கவே முடியாத சிக்கலா? 1906இல் உரோமில் கூடிய உலகத் தபால் ஒன்றிய மாநாடு சர்வதேசப் பதிற் கூப்பன் முறைக்கு இணங்கியது. ஒரு நாட்டில் வாங்கிய கூப்பனை இன்னொரு நாட்டின் தபாலகத்தில் கொடுத்து முத்திரையாக மாற்ற முடிந்தது. கணினி இல்லாத காலத்தில் தபாற்காரர்கள் செய்ததை இக்காலத்து அரசுகளால் செய்ய முடியாதா?

திருட்டு அட்டைகள், கறுப்புப் பணம் என்றெல்லாம் அதிகாரிகள் காரணம் கூறக்கூடும். அவை பொய்யல்ல. ஆனால் விண்ணப்பதாரி கைரேகை வைக்கக் கடவுச்சீட்டுடன் நேரில் சென்றேயாக வேண்டும். அவருடைய விரல்களைப் பதிவுசெய்யும் கருமபீடம், அவருடைய பணத்தையும் அவர் பெயரிலேயே பதிவுசெய்யலாம். அல்லது நமது அரச வங்கிகள், கடவுச்சீட்டைக் காட்டி ரொக்கம் செலுத்துபவருக்கு, அந்த ஒரு கட்டணத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் முற்பண அட்டையை அவர் பெயரில் வழங்கலாம். மீளளிப்பும் அவரிடமே வரும். கொழும்பில் உள்ள தூதரகங்களோடு இதைப் பேசவேண்டிய பொறுப்பு அரசினுடையது. நம் மலையகப் பிரதிநிதிகள் எழுப்பத்தக்க கேள்வியும் இதுவே.

அதுவரை, இதைப் படிப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும். முகவரைவிட உறவினரின் அட்டை மேல். எவருடைய அட்டையாயினும், மீளளிப்புத் தொகை முழுவதும் உங்களுக்கே உரியது என எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செலுத்திய பற்றுச்சீட்டின் பிரதியைக் கேட்டுப் பெறாமல் எழுந்து வராதீர்கள்.

அந்தத் தாய் கிடைத்த பணத்தில் நகைகளுள் ஒரு பகுதியை மீட்டார். மகன் இப்போது கொழும்பில் வேலை பார்க்கிறான். மீண்டும் விண்ணப்பிக்கப் போகிறானாம். சென்ற மாதம் வந்தபோது, "முதல்ல என் பேர்ல ஒரு அட்டை எடுக்கணும் சேர்" என்றான். படிப்பைப் பற்றிப் பிறகுதான் பேசினான்.