குடும்பப் பெயர் கட்டாயமா?

க்ளோஜர் என்ற ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழியில் 2016-ல் 'ஸ்பெக்' என்று ஒன்று வந்தது. ஒரு தகவலில் எந்தக் கட்டம் கட்டாயம், எது விருப்பம் என்று முதலிலேயே எழுதிவைத்தால், எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிடும். (பாங்க் கவுண்ட்டரில் நாங்கள் கண்ணால் பார்ப்பதும் இதைத்தான்.) ஆனால் எது கட்டாயம் என்று தீர்மானிப்பது மனுஷன்தானே?

நாம் நிரப்பிய பான் படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், இனிஷியல் கூடாது. சாதிப் பெயரை விட்டுவிட்ட நம் ஊர்க்காரர்களுக்குக் கடைசிப் பெயர் ஏது? கி. முருகன் அப்பா கிருஷ்ணனைக் கடைசியில் போட்டார். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்தும் அப்பாவுடையதாகிவிட்டது! ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம். அங்கே இனிஷியலோடு இருக்கிறார். தனித்தனியே இரண்டும் சரி. இணைக்கப் போனால், பெயர் பொருந்தவில்லை!

கடைசிப் பெயரை விருப்பம் என்று மாற்றட்டும், அதுதான் என் கட்சி. அதுவரை, குழந்தைக்குப் பர்த் சர்டிபிகேட் வாங்கும்போதே இனிஷியலை விரித்து எழுதச் சொல்லுங்கள்.