வரிக்கு ஒரு வரி

பி.காம். படித்தவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவன்தான் இலவச ஆடிட்டர். ஃபீஸ், ஒரு டம்ளர் காபி. அதுவும் சில வீடுகளில் அரை டம்ளர்தான்.

2024-ல் என் மச்சினனுக்கு 60,000 ரூபாய் வரி கட்டச் சொல்லி ஓலை வந்தது. கம்பெனி சம்பளம் போக, ராத்திரி கண் விழித்துத் தனியாகச் சம்பாதித்த காசுக்கான வரி. அதற்குள் பையன் கம்பெனி வேலையை விட்டிருந்தான்.

"கவலையே இல்லை அத்தான். பி.எஃப்.ல ஒண்ணே முக்கால் லட்சம் கிடக்கு. ரெண்டு மாசம் சும்மா இருந்தா மொத்தமா எடுத்துக்கலாமாம். நான்தான் சும்மா இருக்கேனே!"

"சர்வீஸ் எத்தனை வருஷம்டா?"

"நாலு."

வந்தது வினை. ஐந்து வருஷம் முடியாமல் பி.எஃப். பணத்தை முழுசாக எடுத்தால் அதற்கும் வரி. 50,000 ரூபாயைத் தொட்டாலே, கொடுக்கும்போதே 10 சதவிகிதம் பிடித்துக்கொள்வார்கள். அதாவது, வரி கட்ட எடுத்த பணத்துக்கு வரி. அந்த வரியைக் கட்ட எதை எடுப்பது?

வேலையில் இருப்பவர் கல்யாணம், வீடு, படிப்பு, வைத்தியம் என்று காரணம் சொல்லி முன்பணம் வாங்க அன்றைக்கு விதி இருந்தது. வருமான வரிக்கு இல்லை. என் மாமனார் அப்படித்தான் பெண் கல்யாணத்துக்கு எடுத்தார். என் விரலில் இருக்கும் மோதிரம் அவருடைய பி.எஃப். இன்று அவருக்கு மாதப் பென்ஷன் 1,800 ரூபாய். மாத்திரைக்கே போதவில்லை.

மச்சினனுக்கு வயது முப்பது. ஒண்ணே முக்கால் லட்சத்தைத் தொடாமல் விட்டு, அப்போதைய வட்டியான 8.25 சதவிகிதமே நீடித்தால், 58 வயதில் அது பதினாறு லட்சம்! கணக்குப் போட்டுக் காட்டியதும் பையன் வாயைத் திறக்கவில்லை.

பைக்கை விற்று 40,000 கட்டினான். மீதிக்குத் தவணை கேட்டு மனுப் போட்டான். முப்பது நாள் கெடு தாண்டினால் பாக்கிக்கு மாதம் 1 சதவிகிதம் வட்டி உண்டு. 20,000-க்கு மாதம் 200 ரூபாய். கசக்கத்தான் செய்யும், ஆனால் அந்தக் கசப்பு பாக்கி தீர்ந்ததும் போய்விடும். புது வேலை கிடைத்ததும் பழைய கணக்கை அங்கே மாற்றிக்கொண்டான். பழைய நாலு வருஷமும் சர்வீஸில் சேர்ந்துகொண்டது.

வரிக்காரருக்குத் தவணை சொல்லலாம் சார். வயோதிகத்துக்குச் சொல்ல முடியாது. அது கெடு தேதிக்குச் சரியாக வந்து நிற்கும்.