முடி இறக்க வேண்டியது யாருக்கு?

இலக்கியம் பேசுகிறவர்கள் நாயைப் பற்றி எழுதலாமா என்று கேட்கும் அன்பர்கள் இத்துடன் விலகிக்கொள்ளலாம். அவர்கள்மீது எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் இதை எழுதத் தூண்டியதே ஓர் இலக்கிய அன்பர்தான் என்பதைப் பதிவு செய்யாமல் மேலே செல்ல முடியவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க்கடையில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் கூடுவது வழக்கம். அண்மையில் அப்படிக் கூடியபோது, எங்களில் ஒருவர் வளர்க்கும் நாயைப் பற்றிப் பேச்சு வந்தது. “பூடிலுக்குச் சீப்பு போட்டு வாருவது காலனிய அடிமைப் புத்தியன்றி வேறென்ன? தெருநாய்க்கு ஒரு பிடி சோறு போடாத கை, பூடிலுக்குக் குடுமி கட்டுகிறது” என்று அந்த அன்பர் முழங்கினார். சுற்றியிருந்தோர் சிரித்தார்கள். வாக்கியம் அழகாகத்தான் இருந்தது. உண்மைதான் அதில் இல்லை.

அந்த நாய் எங்களிடம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு மாலை நேரம், சமயபுரம் பேருந்துகள் வந்து நிற்கும் பக்கத்தில் ஒரு தூணருகே அது படுத்திருந்தது. முடி இறக்கிச் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு தாயின் இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தையொன்று அதைப் பார்த்து “அம்மா, ஆடு” என்றது. குழந்தையின் பிழையன்று அது. உடல் முழுவதும் முடி திரிதிரியாகச் சடை விழுந்து, அழுக்கேறி, கம்பளிக் கட்டிபோல் இறுகியிருந்தது. கண்கள் இருக்குமிடமே தெரியவில்லை. கழுத்தில் மட்டும் பட்டை கட்டியிருந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. யாரோ வளர்த்திருக்கிறார்கள். யாரோ பட்டையை மட்டும் கழற்றிக்கொண்டு, நாயை விட்டுப் போயிருக்கிறார்கள்.

கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்து வயது ஒன்றுக்கு மேல் இருக்காது என்றார். இனம் ஸ்டாண்டர்ட் பூடில், அதாவது பூடில்களில் பெரியது. சடையைச் சீப்பால் எடுக்க வழியில்லை, மெஷினால் தோலோடு ஒட்டி எடுப்பது ஒன்றே வழி என்றார். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒரு முறம் நிறைய முடி. அடியில் ஈரம் தேங்கித் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. காது மடலிலும் கால் விரலிடுக்கிலும் உண்ணிகள். சடை இறுகி இழுத்ததால் ஒவ்வோர் அடிக்கும் தோல் வலித்திருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது எங்களில் யாரும் பேசவில்லை. ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவர் அதைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ‘சத்திரத்தான்’ என்று பெயர் வைத்தோம். வழிப்போக்கனுக்குச் சோறும் படுக்க இடமும் தந்தது சத்திரம். அந்தப் பெயரைச் சுமக்கும் இடத்தில் ஓர் உயிரை இறக்கிவிட்டுப் போவதில் உள்ள முரண் எங்களை உறுத்தியதால் வந்த பெயர் அது.

இனி அன்பரின் வாதத்துக்கு வருவோம்.

பூடிலின் முடியலங்காரம் ஐரோப்பியப் பிரபுக்களின் படாடோபம் என்பது அவர் எண்ணம். பிரபுக்கள் பின்னாளில் அதைப் படாடோபமாக்கினார்கள் என்பது மெய். ஆனால் தொடக்கம் வேறு. பூடில் என்ற பெயரே நீரில் சளசளப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை அழைக்கும் ‘கனீஷ்’ என்ற பெயரில் வாத்து ஒளிந்திருக்கிறது. சுட்டு வீழ்த்திய நீர்ப்பறவையைக் குளிர்ந்த ஏரியில் நீந்திச் சென்று கவ்விவரும் வேலைநாய் அது. நனைந்த முடியின் பாரம் நீந்தத் தடையாக இருந்ததால் உடலில் மழித்தார்கள். குளிர் தாக்காதிருக்க மார்பிலும் மூட்டுகளிலும் விட்டுவைத்தார்கள். கண்ணை மறைக்காமல் தலைமுடியை முடிந்தார்கள். அன்பர் எள்ளி நகையாடும் அந்தக் கோலம் ஓர் உழைப்பாளியின் வேலை உடுப்பு. உழைக்கும் வர்க்கத்தின் பக்கம் நிற்பதாகச் சொல்பவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

இரண்டாவதாக, இந்த நாய்க்கு முடி பராமரிப்பு அலங்காரமே அன்று. மற்ற நாய்களுக்கு முடி ஓரளவு வளர்ந்து உதிரும். பூடிலுக்கோ மனிதத் தலைமுடிபோல் வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்வதும் தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஏறத்தாழ ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் குட்டிப்பருவத்து மென்முடி போய் வளர்ந்த நாயின் அடர்முடி வருகிறது. இரண்டும் கலந்து நிற்கும் அந்த மாதங்களில் நேற்று வாரிய இடத்தில் இன்று சிக்கு விழும். தினமும் முடியை வகிர்ந்து வகிர்ந்து, அடித்தோல் தெரியும்வரை வாரியாக வேண்டும். மேலாக வாரினால் மேலே பஞ்சுபோல் இருக்கும், அடியில் சடை கட்டும். சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் அது இன்னும் இறுகும். நாலைந்து வாரத்துக்கொரு முறை முடி குறைக்க வேண்டும். காதுக்குள் வளரும் முடியையும் ஈரத்தையும் கவனிக்க வேண்டும். திருச்சியின் மே மாத வெயிலில் ஒட்ட மழித்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு, மழித்த தோலை வெயில் சுடும். அளவாகக் குறைத்து, தார்ச்சாலை கொதிக்காத விடியலிலும் இருட்டிய பிறகும் நடத்திச் செல்ல வேண்டும்.

இதில் எங்கே இருக்கிறது மேட்டிமை? நண்பர் தினமும் இரவு அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து சிக்கெடுக்கிறார். பள்ளிக்குப் போகும் மகளுக்குத் தாய் தலைவாரிப் பின்னுவதற்கும் இதற்கும் வேறுபாடு எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் கண்ட வரையில் குற்றம் வாராமல் விட்ட கையினுடையது.

மூன்றாவது, அன்பர் அறியாத ஒன்று: பதின்பருவம். 2020-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்கப்படும் நாய்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐந்து மாதத்தில் வளர்ப்பவரின் சொல்லுக்கு உட்கார்ந்த நாய், எட்டு மாதத்தில் அதே சொல்லைப் பொருட்படுத்தத் தயங்குகிறது. அந்நியர் சொன்னாலோ கேட்கிறது! பதின்வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. பெரிய பூடிலுக்கு இந்தப் பருவம் இரண்டு வயதுவரைகூட நீளும். அறிவுக்கூர்மையில் முன்வரிசையில் வைக்கப்படும் இனம் வேறு. ஆகவே குறும்பும் கூர்மையானது. சத்திரத்தான் கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றான். ஒரு பிற்பகலில் நண்பர் இருபதாண்டுகளாகச் சேர்த்த சிற்றிதழ்த் தொகுப்பு ஒன்றை அட்டையிலிருந்து பின்னட்டைவரை கடித்துக் குதறினான். நம் விமர்சகர்கள் எவரும் இத்தனை நெருக்கமாக வாசித்ததில்லை என்று சொல்லி நண்பர் மனத்தைத் தேற்றிக்கொண்டார். அடிக்கவில்லை. தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத நடையும் ஓட்டமும், மூளைக்கு வேலை தரும் விளையாட்டும், சொன்ன சொல் கேட்டால் உடனே ஒரு சிறு தின்பண்டமும் என்று மாதக்கணக்கில் பொறுத்தார். இப்போது ‘இரு’ என்றால் இருக்கிறான், பெரும்பாலும்.

இந்த மாதங்களில்தான் நாய்கள் கைவிடப்படுகின்றன என்று நாங்கள் கருதுகிறோம். எட்டு வாரக் குட்டி பஞ்சுப்பொதிபோல் மடியில் உறங்குகிறது. படம் எடுக்கிறோம், உறவினர்க்குக் காட்டுகிறோம். அது எட்டு மாதத்தில் இடுப்புக்குத் தாவி, சோபாவைக் கிழித்து, சடை விழுந்து நாறத் தொடங்கும்போது ‘சமாளிக்க முடியவில்லை’ என்கிறோம். குழந்தைமையை மட்டும் விலைக்கு வாங்க விரும்பி, வளர்ச்சியை ஏற்க மறுக்கும் மனம் இது. இலக்கிய அன்பர் சாடியிருக்க வேண்டியது இந்த மனத்தை. அவர் சாடியதோ, விட்டுப் போனவனின் கடனைச் சுமக்கிறவரை.

இங்கே வேறொரு தரப்பினர் குறுக்கிடுவார்கள். “அதனால்தான் சொல்கிறோம், நம் நாட்டு நாய்களை வளர்க்க வேண்டும்” என்பார்கள். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றின்மீது எங்களுக்கும் பெருமிதம் உண்டு. 2005-இல் அஞ்சல் துறை இராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலும் இந்த இனங்களின் பெயர்கள் ஒலித்தன. 2024-இல் தமிழக அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் போன்ற, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை கூறியதும் நியாயமே. பனிநாட்டு நாயைக் குளிர்பதன அறையில் வைத்துக் காட்சிப்படுத்துவது கொடுமைதான். அந்தப் பட்டியலில் பூடில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் சுதேசியம் பொறுப்புக்கு மாற்றாகுமா? சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்திக் கரிசல்வெளியில் காற்றாய் ஓடப் பிறந்தவை. அவற்றைத் தில்லைநகர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி பால்கனியில் கட்டிப்போடுவது தேசபக்தியா? தூய வெண்மை வேண்டும் என்று இராஜபாளையத்தைப் பெருக்கியதன் விளைவாக அந்த இனத்தில் பிறவிச் செவிடு ஒரு தீராப் பிரச்சினையாக இருப்பதை இவர்கள் அறிவார்களா? வெள்ளைத்தோல் மோகம் நாட்டு நாயையும் விடவில்லை. பூடிலைக் கைவிடுபவன் நாளை இராஜபாளையத்தையும் கைவிடுவான். அவனுக்கு வேண்டியது நாயன்று, நாய் வைத்திருக்கிறான் என்ற பேச்சு.

இப்போது சத்திரம் பேருந்து நிலையத்துக்குத் திரும்புவோம். 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தின் நடைமேடைகளில் இன்றும் பயணிகளின் காலடியில் நாய்கள் உறங்குகின்றன. 2025 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம், பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகங்களில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்று ஆணையிட்டது. வெறிநாய்க்கடியின் அச்சத்தை நாங்கள் இலேசாகப் பேசமாட்டோம். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. கடிபடுகிறவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். அந்தத் தாய்மாரிடம் போய்க் கருணை உபதேசிக்கும் தகுதி எவருக்கும் இல்லை.

எங்கள் கேள்வி வேறு. பிடிக்கப்படும் நாய்க்கு ஆணை இருக்கிறது. அதை அங்கே இறக்கிவிட்டுப் போனவனுக்கு என்ன இருக்கிறது? 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் பதினோராவது பிரிவு, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை! நாங்கள் நாலு பேர் ஒருமுறை தேநீர் அருந்தினால் அந்தத் தொகை தீர்ந்துவிடும். பல ஆயிரம் கொடுத்து வாங்கிய உயிரை வீசி எறிவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய விலையையே நம் சட்டம் இன்னும் குறித்து வைத்திருக்கிறது. நாய் விற்போர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்றெல்லாம் 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. குட்டி வாங்கிய எத்தனை பேர் அந்தப் பதிவுச் சான்றைக் கேட்டோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

ஆகவே நாங்கள் வற்புறுத்துவது இவ்வளவுதான். ஐம்பது ரூபாய் அபராதத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். விற்பவர், வாங்குபவர் பெயரோடு ஒவ்வொரு நாயும் மாநகராட்சியில் பதியப்பட்டு, கைவிடப்பட்ட நாய் யாருடையது என்று கண்டறிய வழி வேண்டும். வாங்கப் போகிறவர் குட்டியைப் பார்க்குமுன் ஒரு வயது நிரம்பிய அதே இன நாயோடு ஒரு முழுநாள் இருந்து பார்க்கட்டும். சிக்கெடுக்க நேரமில்லை என்று அப்போதே தெரிந்தால் திரும்பிப் போவதில் இழுக்கில்லை.

அன்பருக்கு ஒன்று. வேல் தன் உடலில் பாய்ந்து நிற்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலாட்டும் என்று நாயைச் சொல்லி, பாகனையே கொல்லும் யானையைவிட அத்தகையோர் நட்பே கொள்ளத்தக்கது என்கிறது நாலடியார். அந்த நாய் உள்ளூரா வெளியூரா என்று பாடியவர் விசாரிக்கவில்லை. பட்டை கழற்றப்பட்ட தடத்தோடு தூணருகே கிடந்த சத்திரத்தானும் எங்களைக் கண்டு முதலில் செய்தது வாலாட்டியதுதான். சடையின் பாரத்தால் வால் சரியாக அசையவில்லை.

தெருநாய்க்கு ஒரு பிடி சோறு என்று அன்பர் சொன்னாரே, அந்தத் தேநீர்க்கடை வாசலில் மூன்று நாய்கள் உண்டு. ஸ்ரீரங்கத்து நண்பர் வாரந்தோறும் அவற்றுக்கு ரொட்டி வாங்கிப் போடுகிறார். போன மாதம் மூன்றுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தவரும் அவரே. அன்பர் அடுத்த ஞாயிறு வரட்டும், விவாதத்தைத் தொடரலாம். வரும்போது ஒரு சீப்பையும் எடுத்து வந்தால் நலம். சத்திரத்தானுக்குக் காதின் பின்புறம் எப்போதும் சிக்கு விழுகிறது.